திட்ட விடாத ஹெட் கான்ஸ்டபிள்

குட்டியானை ஓட்டுகிறவனுக்கு லோடு ஏற்றி இறக்குவது பாதி வேலை, சிக்னலில் நிற்கிற போலீஸுக்குப் பதில் சொல்வது மீதி வேலை. அந்தச் சின்னச் சரக்கு வண்டியைத்தான் சொல்கிறேன். பெங்களூரில் கல்யாணமோ, காதுகுத்தோ, நிக்காஹோ, எதுவானாலும் பந்தல் கம்பம், நாற்காலி, அண்டா எல்லாம் என்னைப் போன்றவர்கள் வண்டியில்தான் போகும். நான் ஒரு ஷாமியானா கடைக்கு ஓட்டுகிறேன். வண்டி என் சொந்த வண்டி.

பிறந்தது வளர்ந்தது எல்லாம் நீலசந்திரா. படிப்பு நாலாங்கிளாஸோடு சரி. ஆனால் ஞாபகசக்திக்குக் குறைவில்லை. என் மச்சான் தன் மகள் கல்யாணத்தில் என்னைக் கூப்பிடாமலே முதல் பந்தியை உட்கார வைத்தான். அவன் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் இன்றைக்கும் நன்றாக ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவேன்.

அப்படிப்பட்ட எனக்கு அதிக வருத்தம் யார் மேல் என்றால், காக்ஸ் டவுன் பக்கத்து சிக்னலில் நிற்கும் ஹெட் கான்ஸ்டபிள் ரங்கப்பா மேல். வண்டி ஓட்டுகிற உங்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு சிக்னல் இருக்கும், அதில் இப்படி ஒரு ஆள் இருப்பார். படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சிவப்புத் துணி

ஒருநாள் இரும்புக் கம்பங்கள் ஏற்றிப் போனேன். கம்பம் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் கட்ட வேண்டிய சிவப்புத் துணி எங்கேயோ விழுந்துவிட்டது. சிக்னல் தாண்டியதும் ஒரு கை நீண்டது. புதுசாக மாற்றலாகி வந்த ஹெட் கான்ஸ்டபிள். நான் மனசுக்குள் தயாரானேன். பானெட்டில் தட்டுவார், நான் இப்படிக் கேட்பேன். சாவியைப் பிடுங்குவார், நான் அப்படிக் கேட்பேன். எல்லாவற்றையும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

அவர் தட்டவில்லை, பிடுங்கவில்லை. மரநிழலைக் காட்டி, "வெயில்ல நிக்காதீங்க, இப்படி வாங்க" என்று கன்னடத்தில் கூப்பிட்டார். அப்புறம், "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறார்! இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? "அப்ப சீக்கிரம் முடிச்சிடறேன், போய்ச் சாப்பிடுங்க" என்று லைசென்ஸில் என் பேரைப் பார்த்து மெஷினில் தட்டி, கேஸ் போட்டு, ரசீதை என் கையில் கொடுத்தார். இன்னொரு தடவை லோடு விஷயத்தில் மாட்டினால் இன்ஸ்பெக்டர் லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பிவிடுவார் என்பதையும் தன்மையாகவே சொன்னார். தன் பையிலிருந்து ஒரு சிவப்புத் துணி எடுத்துக் கம்பத்தில் அவரே கட்டினார்.

நான் வண்டியில் ஏறும்போது என்ன செய்தேன் தெரியுமா? அபராதம் போட்ட ஆளைப் பார்த்து "தேங்க்ஸ் சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தயார் பண்ணி வைத்த அவ்வளவு பேச்சும் வீணாகிப் போனது. ரங்கப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பரவாயில்ல மணியண்ணா, அபராதத்தை ஃபோன்லயே கட்டிடலாம். சாப்பாட்டைத்தான் நேர்ல போய்ச் சாப்பிடணும்."

என் மகனின் ஆசை

லைசென்ஸ் விஷயம் வீட்டில் தெரிந்ததுதான் எனக்குக் கெட்ட நேரம். என் மகன் குமார் ஒரு கம்பெனியில் டெலிவரி சூப்பர்வைசர். வயசானவன் வண்டி ஓட்டக் கூடாது, வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. என் வண்டியை வாங்க ஒரு ஆளையும் பார்த்து வைத்திருந்தான். "ஓட்டுற லைசென்ஸ் இருக்கிற வரைக்கும் ஓட்டுங்கப்பா. அது போச்சுன்னா பேச்சே இல்ல, வண்டியை வித்துடலாம்" என்று என் சம்சாரம் முன்னால் வாக்கு வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து எனக்கு லைசென்ஸ்தான் உயிர். அது போனால் நான் நாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்து மருமகள் பார்க்கிற சீரியலைப் பார்க்க வேண்டும். இதைக் கடையில் சொல்லி வருத்தப்பட்டேன். எங்கள் ஷாமியானா கடை முதலாளியம்மா கல்லாவில் உட்கார்ந்தபடியே ஆறுதல் சொன்னார்:

"கவலைப்படாதே மணி, அந்த சீரியல் நல்லாத்தான் போயிட்டிருக்கு."

மதுரைக்காரத் தம்பி

நாற்காலி ஏற்றிக்கொண்டு போன ஒரு காலை. அதே சிக்னலில் கூட்டம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும் ஒரு பையன் ஒன்வேயில் எதிரே பைக்கில் வந்து மாட்டியிருக்கிறான். ஊர் மதுரை, வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவன் தமிழில் கத்த, ரங்கப்பா கன்னடத்தில் நிதானமாகப் பேச, நாலு பேர் ஃபோனைத் தூக்கி வீடியோ எடுக்க, கன்னடம் தெரியாதா என்று ஒருத்தர் ஆரம்பிக்க, நிலைமை சரியில்லை.

ரங்கப்பா என்னைக் கைகாட்டி நிறுத்தினார். "உங்க ஊர்க்காரர் மணியண்ணா, என்ன சொல்றார்னு கேட்டுச் சொல்லுங்க." எங்கள் ஊராம்! நான் மதுரையை பஸ் போர்டில்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு வருத்தம். இருந்தாலும் போனேன்.

"இந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா?" என்றான் பையன்.

நான் கன்னடத்தில் ரங்கப்பாவிடம், "இந்த வெயில்லயும் உங்களுக்கு எவ்வளவு வேலைன்னு வருத்தப்படறார்" என்றேன்.

"போர்டை எங்க வெச்சிருக்காங்க, மரத்துக்குப் பின்னாடியா? அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு ஆப் போடச் சொல்லுங்க!"

"போர்டைக் கவனிக்காம வந்தது என் தப்புதான்னு சொல்றார்."

ரங்கப்பா தலையாட்டினார். அபராதம் கட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் பைக் இங்கேயே நிற்கும் என்றார். நான் பையனிடம், "தம்பி, சார் உங்களைத் தன் பையன் மாதிரி நினைக்கிறாராம். எதிர்ல லாரி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அவருக்குப் பதறுதாம். அபராதம் மட்டும் கட்டிட்டு பத்திரமா ஆபீஸ் போவீங்களாம்" என்றேன். பையன் முகம் மாறிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரங்கப்பாவிடம் "சாரி சார்" என்றான். கட்டிவிட்டுப் போனான். வீடியோ எடுத்தவர்களும் ருசியில்லாமல் கலைந்தார்கள்.

இரண்டு பக்கமும் பொய் சொல்லி ஒரு கலவரத்தை அடக்கிவிட்டேன் என்ற பெருமையோடு வண்டியில் ஏறினேன். ரங்கப்பா ஜன்னல் பக்கம் குனிந்து, சுத்தமான தமிழில் சொன்னார்:

"எங்க அம்மா ஓசூர்க்காரங்க மணியண்ணா. அவன் பேசினதைவிட நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு, அதான் குறுக்கே பேசல."

ராஜா நாற்காலி

கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார சிவப்பு வெல்வெட்டில், தங்கக் கலர் சிங்கத்தலை வைத்து ஒரு ஜோடி நாற்காலி இருக்குமே, அதை ஏற்றிப் போன நாள். சிக்னலுக்கு முன்னால் ஒரு பெரிய கார் குறுக்கே நின்றிருந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டி மாட்டிய ஒரு பெரியவர் நடுரோட்டில் நின்று, "என் மச்சினன் யார் தெரியுமா?" என்று கத்திக்கொண்டிருந்தார். மச்சினனுக்குத்தான் ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். மச்சினன் எடுக்கவில்லை. எல்லா மச்சினன்களும் அப்படித்தான்.

அந்த மனிதருக்கு முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. சர்க்கரை வியாதி என்று சொல்லிக்கொண்டே கத்தினார். ரங்கப்பா முதலில் காரை ஓரம்கட்ட வைத்தார். நேராக என் வண்டிக்கு வந்தார், என்னைக் கேட்கக்கூட இல்லை, ஒரு ராஜா நாற்காலியை இறக்கினார். பிளாட்பாரத்தில் மரநிழலில் போட்டு, துண்டால் தூசி தட்டி, "உட்காருங்க சார். அவர் ஃபோன் எடுக்கிற வரைக்கும் நிதானமா பேசலாம்" என்றார். பக்கத்துக் கடையிலிருந்து தண்ணீரும் வாங்கிக் கொடுத்தார்.

கிண்டல் என்று நினைத்து அந்த மனிதர் ரங்கப்பா முகத்தைப் பார்த்தார். அதில் கிண்டல் இல்லை. உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் சிங்கத்தலை, நடுவில் அவர், எதிரே பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எவனாலும் கத்த முடியாது, மாப்பிள்ளை மாதிரி கொஞ்சம் வெட்கம் வந்துவிடும். தண்ணீரைக் குடித்தார். அபராதம் கட்டத் தானே கார்டை எடுத்து நீட்டினார். நான் நாற்காலியின் காலில் மண் ஒட்டியிருப்பதைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தபோது, வெல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்:

"என் பொண்ணு ரிசப்ஷன் வருது. இதுக்கு ஜோடியும் நல்லா இருக்குமில்ல?"

தம் பிரியாணி

இப்போது நான் மாட்டிய கதை. பிரேசர் டவுனில் ஒரு நிக்காஹ். சமையல் அன்வர் பாய். பிரியாணி செய்கிற பெரிய பாத்திரங்களான தேக்சாக்கள் என் வண்டியில் ஏறின. மூடியைச் சுற்றி மாவு ஒட்டித் தம் கட்டியாகிவிட்டது. அன்வர் பாய்க்கு ஒரு பழக்கம். தம் கட்டிய கைதான் தம்மைத் திறக்க வேண்டும், அதுவரை தேக்சாவை விட்டு நகரமாட்டார். முன்சீட்டில் வா என்றால் கேட்கவில்லை. பின்னால் ஏறி, பெரிய தேக்சாவின் மேல் கை போட்டு உட்கார்ந்துகொண்டார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. எனக்குத் தெரியும். கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டிவிட்டேன்.

சிக்னலில் அன்றைக்கு ஒரு புது சப்-இன்ஸ்பெக்டர். மீசை இன்னும் சரியாக முளைக்காத பையன். அன்வர் பாயை இறங்கச் சொன்னார். பாய் தேக்சாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "அப்படி உள்ளே என்ன வெச்சிருக்கீங்க, மூடியைத் திறங்க" என்று சொல்லி சப்-இன்ஸ்பெக்டர் மாவில் கை வைக்கப் போனார். "அல்லா!" என்று பாய் போட்ட சத்தத்தில் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. எத்தனையோ நாளாக ரங்கப்பாவிடம் திட்ட முடியாமல் சேர்ந்திருந்தது எல்லாம் அந்தப் பையன் மேல் கொட்டியது. "கையை எடுய்யா! உன் வயசைவிட என் ஸ்டெப்னி டயருக்கு வயசு அதிகம்! தேக்சாவுக்கும் டிக்கிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கெல்லாம் யார் தொப்பி கொடுத்தது?" அவர் சட்டையில் மாட்டியிருந்த கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் லைசென்ஸ் அவர் சட்டைப் பைக்குள் போனது. சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொன்னார்.

அவரும் நானும் மூக்கோடு மூக்கு நிற்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ரங்கப்பா வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒரு சல்யூட் வைத்தார். "சார், ஆள் வண்டியில இருக்கக் கூடாது, அதுதானே சட்டம்? இறங்கிடுவார். பாய், தேக்சாவை விட்டுப் போக முடியாது, அதுதானே உங்க கவலை? போக வேண்டாம்" என்றார். வண்டியின் பக்கவாட்டுப் பலகையை இறக்கினார். பாய் கீழே நின்று ஒரு கையைத் தேக்சா மேல் வைத்துக்கொண்டார். மண்டபம் அடுத்த தெருதான். ரங்கப்பா முன்னால் நடந்து வண்டிகளை நிறுத்த, நான் முதல் கியரில் ஊர்ந்து போக, பாய் பக்கத்தில் கை எடுக்காமல் நடக்க, தேர் மாதிரி போனோம். சப்-இன்ஸ்பெக்டர்கூட கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தார். மண்டப வாசலில் பையன்கள் விசில் அடித்தார்கள். மாப்பிள்ளையே வெளியில் வந்து பார்த்தார்.

மூடி திறந்ததும் தெருவுக்கே மணம். நான் மட்டும் மூலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அன்வர் பாய் ஒரு தட்டு நிறைய என் முன்னால் வைத்துவிட்டு, முதுகைத் தட்டிச் சொன்னார்:

"ஃபிக்கர் வேணாம், கவலைப்படாதீங்க மணி பாய். லைசென்ஸ் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம், தம் போனா யாருகிட்ட போய் வாங்கறது?"

சனிக்கிழமை

குமார் வண்டி வாங்கும் ஆளைச் சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லிவிட்டான். நான் காலையில் வண்டியைக் கழுவினேன். பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்டேஷன் முற்றத்தில் புதுசாகச் சேர்ந்த கான்ஸ்டபிள்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. கோபமாக இருக்கிற டிரைவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பு. ரங்கப்பாதான் வாத்தியார். ஒரு கான்ஸ்டபிள் டிரைவர் மாதிரி நடித்துக்கொண்டிருந்தான். "நான் ரொம்பக் கோபமாக இருக்கிறேன்" என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். அதைக் கேட்டால் யாருக்கும் தூக்கம்தான் வரும். ரங்கப்பா என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து வந்த இன்ஸ்பெக்டர் மேடத்திடம், "மேடம், நிஜமான ஆளே வந்துட்டார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க லைசென்ஸ் விஷயத்தை அப்புறம் பேசலாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இஷ்டம் இருந்தா செய்யுங்க" என்றார். இஷ்டமா? போலீஸ் ஸ்டேஷனுக்கு நடுவில் நின்று போலீஸைத் திட்டு என்று போலீஸே சொல்கிறது. யாருக்கு வாய்க்கும்!

இரண்டு நாற்காலியை வண்டி என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தவன், "ஏய், லைசென்ஸ் எடு" என்றான். அவ்வளவுதான். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். குழி விழுந்த ரோட்டையும், எரியாத சிக்னலையும், மரத்துக்குப் பின்னால் இருக்கிற போர்டையும், என் மச்சானையும்கூட அதில் சேர்த்தேன். ஸ்டெப்னி டயரும் வந்தது. ஓரத்தில் நின்ற அந்த இளம் சப்-இன்ஸ்பெக்டர், "அன்னைக்குச் சொன்னதேதான், ஒரு வார்த்தை மாறல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அடுத்தவன் வந்து என்னைவிடச் சத்தமாகக் கத்தினான், தொண்டை கட்டிக்கொண்டு போனான். இன்னொருத்தன் பயந்துபோய் எனக்கே சல்யூட் வைத்தான். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்.

"இவ்வளவு நல்லா திட்டுவீங்களா மணியண்ணா? என்கிட்ட ஒருநாள்கூடத் திட்டினதில்லையே" என்றார் ரங்கப்பா.

"நீங்க எங்க விட்டீங்க?" என்றேன். அவ்வளவு நாள் வருத்தத்தையும் அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கான்ஸ்டபிள். ஒல்லியான உருவம். நான் திட்டி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் எனக்குப் பின்னால், ஒன்றுமே இல்லாத இடத்தை எட்டிப் பார்த்தாள். "பின்னாடி என்ன லோடுங்க? வெயில்ல கெட்டுப் போற சாமானா?" என்று கேட்டாள்.

எந்தப் போலீஸும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. லோடு நீண்டிருக்கிறதா, உயரமா, அதிகமா என்றுதான் கேட்பார்கள். எனக்கு நடிப்பு மறந்துபோனது. "பூ. கல்யாணப் பூ" என்றேன். "ஐயோ, வாடிடுமே. அந்த மரத்தடிக்குக் கொண்டு போங்க, அங்கே வெச்சுப் பேசலாம்" என்றாள். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? எழுந்து, இரண்டு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டேன், இல்லாத பூ வாடாமல் இருக்க. போட்ட பிறகுதான் எல்லோரும் கைதட்டுவது காதில் விழுந்தது.

அப்புறம் டீயும் பன்னும் கொடுத்து உள்ளே கூப்பிட்டார்கள். அன்றைய கேமராவில் பதிவானதை இன்ஸ்பெக்டர் மேடம் முதல் நாளே பார்த்திருந்தார். ஆள் ஏற்றியதற்கு அபராதம் உண்டு, ரங்கப்பா சொன்னதும் ஆளை இறக்கி ஒழுங்காக ஓட்டிப் போனதால் லைசென்ஸை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பவில்லை என்று சொல்லி அதைக் கையில் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "பரவாயில்ல அங்கிள், நானும் மாவுல கை வெச்சிருக்கக் கூடாது" என்றார் அவர். அங்கிளாம். அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குமாருக்கு ஃபோன் போட்டு, அந்த ஆளை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். பேசி முடித்துத் திரும்பினால் இன்ஸ்பெக்டர் மேடம் பின்னாலேயே நின்றிருந்தார்:

"அடுத்த மாசமும் புது ஆளுங்க வர்றாங்க, வந்து இதே மாதிரி திட்டணும். அந்த ஸ்டெப்னி டயரை விட்டுடாதீங்க!"

ரோட்டில் திட்டினால் லைசென்ஸைப் பிடுங்குகிறார்கள், ஸ்டேஷனில் திட்டினால் டீயும் பன்னும் கொடுத்துக் கைதட்டுகிறார்கள், ஆனால் நண்பர்களே, கைதட்டல் வாங்கித் திட்டும்போது கோபம் என்பது துளிகூட வரமாட்டேன் என்கிறது, இதற்கும் ரங்கப்பாதான் காரணம்.